இருவினையொப்பைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். தரம் 10 பிள்ளைகள், 14 பேர். மூன்று கிழமையாக இருவினையொப்பை, அதாவது நல்வினை தீவினை இரண்டையும் ஒப்பக் கருதும் சைவ சித்தாந்தக் கருத்தை, தாண்ட முடியவில்லை.

முதலில் கடைத் தராசை வைத்துச் சொன்னேன்: ஒரு தட்டில் நல்வினை, மறுதட்டில் தீவினை, இரண்டும் சமம். உடனே ஒருத்தி, "அப்போ நல்லது செஞ்சா தட்டு சாயுமே டீச்சர், சும்மா இருக்கலாமா?" என்றாள். தராசு என் பிழைதான். அளவு அல்ல, இரண்டின் பயனிலும் விருப்பு வெறுப்பற்ற நிலை என்று திருத்தினேன்.

அப்புறம் கீதை 5:18. பிராமணன், பசு, யானை, நாய், நாயை உண்பவன், எல்லாரையும் ஞானி சமமாகப் பார்ப்பான். சிக்கல் அங்கேதான் வந்தது. "பிறகு ஏன் எங்க லயத்து ஆக்களுக்கு மட்டும் தேர் வடம் கடைசியில தாறாங்க?" என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் ஒரு பிள்ளை கேட்டது.

குருக்களிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் உரையைப் புரட்டினால் மலபரிபாகம் (மலம் பக்குவப்படுதல்), சத்திநிபாதம் (திருவருள் பதிதல்) என்று எனக்கே தலை சுற்றுகிறது. சாதியைச் சாடிய சித்தர் சிவவாக்கியரை எடுக்கலாம், ஆனால் கோயில் கமிட்டி வகுப்பையே மூடிவிடும்.

இன்பதுன்பத்தைச் சமமாக ஏற்பது வேறு, அநியாயத்தைப் பொறுத்துப்போவது வேறு என்று காட்ட, தோட்ட வாழ்க்கையிலிருந்து என்ன உதாரணம் சொல்லலாம்?