தார் பூசிய இரவுகள் நினைவிருக்கிறதா? தோல் சிகிச்சை அனுபவங்களைப் பகிருங்கள்

தொடங்கியவர் (சொரியாசிஸ், 1979 முதல்)

பத்தொன்பது வயதில் வந்தது சொரியாசிஸ், தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் நோய். இன்று மாதம் ஒரு ஊசியைத் தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். மற்ற நாள்களில் அப்படியொரு நோய் இருப்பதே நினைவில் இருப்பதில்லை. இடையில் என் தோல் கண்ட வைத்தியங்களைச் சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள்.

முதலில் நிலக்கரித் தார். இரவில் பூசி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுக்க வேண்டும். புதிதாகப் போட்ட சாலையின் வாடை நம் மேலேயே அடிக்கும். அடுத்தது டித்ரனால் என்ற களிம்பு. செதில் இருக்கும் இடத்தில் மட்டும் கவனமாக வைக்க வேண்டும். நல்ல தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும். துணியில் பட்டால் ஊதாவும் பழுப்புமாகக் கறை பிடிக்கும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஆனாலும் பழியை மட்டும் போட மாட்டேன். நான்கு வாரம் வார்டில் கிடந்து, செதில் முழுக்க உதிர்ந்து வீடு திரும்பியவன் நான். மூன்று மாதத்தில் அதுவும் வீடு திரும்பிவிட்டது.

பிறகு ‘பூவா’. தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோராலென் மாத்திரையை விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்து, புற ஊதா விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் நிற்க வேண்டும். பெயரைக் கேட்டதும் “பூவா, தலையா?” என்றேன். மருத்துவர் சிரிக்கவில்லை. மாத்திரை குமட்டும், அன்று முழுக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பல ஆண்டுகள் எடுத்தால் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும் என்று தெரிந்த பிறகு, மாத்திரையே தேவைப்படாத 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளிக்கு என்னை மாற்றினார்கள்.

என்னை இன்றும் உறுத்துவது வேறு. தோல் தாறுமாறான வேகத்தில் வளர்கிறது, அதுதான் நோய் என்றே அப்போது விளக்கினார்கள். உடலின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது செதில்களும் மறைந்தன. அந்த அறிக்கை வெளிவந்தது 1979இல். தோல் வெறும் களம்தான், சண்டையை மூட்டுவது எதிர்ப்பாற்றல் என்பதற்கு அது ஒரு துப்பு. எனக்கு நோய் தொடங்கிய அதே ஆண்டு! அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போய், எதிர்ப்பாற்றல் சுரக்கும் இன்டர்லூக்கின்-17 என்ற ஒரே புரதத்தைக் குறிவைக்கும் முதல் ஊசி அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2015 ஆகிவிட்டது. அதுவரை நான் முழுக்கைச் சட்டைதான்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

எக்ஸிமா உள்ள பெண்ணின் அம்மா

ஐயா, உங்கள் முழுக்கைச் சட்டை என் மகளுக்கும் உண்டு. எக்ஸிமா என்ற அரிப்பு நோய் அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தொடங்கியது. ராத்திரி சொறிந்து சொறிந்து தலையணை உறையில் ரத்தம் இருக்கும். கைக்குக் காலுறை மாட்டித் தூங்க வைத்திருக்கிறேன்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு களிம்பு என்றாலே எனக்குப் பயம். பட்டாணி அளவு எடுக்கச் சொன்னால் கடுகளவு எடுப்பேன். சிவப்பு கொஞ்சம் வெளுத்தால் நிறுத்திவிடுவேன், நான்காம் நாள் மறுபடி வெடிக்கும். ஒரு மருத்துவர்தான் என் விரலைப் பிடித்து, சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும் என்று காட்டினார். பெரியவர்களின் கை அளவுக் கணக்கு அது. பத்து ஆண்டுப் பயம் ஒரு நிமிடத்தில் தெளிந்தது. கண் இமைக்கு மட்டும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு.

பதினான்கு வயதில் டுபிலுமாப் ஊசி தொடங்கினோம். கண் சிவந்து உறுத்தும், அதற்குச் சொட்டு மருந்து போடுகிறோம். மூன்றாம் வாரம் அவள் காலை வரை ஒரே தூக்கமாகத் தூங்கினாள். நான்தான் விழித்து விழித்துப் போய்ப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம், ஐயா. ஊசியை நிறுத்தினால் திரும்பிவிடுமா?

படர்தாமரைக்காரன்

எனக்குக் கதை நேர்மாறு. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு வந்தபோது தோல் மருத்துவமே மாறியது என்பார்கள். என்னை மாட்டிவிட்டதும் அதன் வழிவந்த ஒன்றுதான். தொடையில் வந்த படர்தாமரைக்கு யாரோ சொன்ன கலவைக் களிம்பைப் பூசினேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கியதால் பூஞ்சைக்கோ கொண்டாட்டம், வட்டத்தின் விளிம்பு கலைந்து, இடுப்பு வரை ஏறியது. தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் இன்னதென்று கண்டுபிடித்தார்கள். மாதக்கணக்கில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை விழுங்கினேன். ஸ்டீராய்டால் தொடையில் விழுந்த வரிகள் இன்னும் மறையவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி

கறை பற்றிப் படித்ததும் எனக்குத் தொழுநோய்ப் பிரிவு நினைவுக்கு வந்தது. எனக்கு முந்தைய தலைமுறைச் செவிலியர் நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டவர்கள். அந்த வலியை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். நான் சேர்ந்தபோது டாப்சோன் மட்டும்தான். பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. ஒற்றை மருந்து என்பதால் கிருமியும் அதற்குப் பழகிக்கொண்டது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன். முதல் மாதம் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, சிறுநீரில் ரத்தம் போகிறது என்று அழுதார். ரிஃபாம்பிசின் சிவப்பாக்கும் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து மாத்திரைக்கு முன் அந்தப் பேச்சுதான். குளோஃபாசிமின் தோலையே கருஞ்சிவப்பாக்கும், மறைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நோய் தெரியாமல் மறைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நிறமே காட்டிக்கொடுத்தது. எங்களுக்கு அது பக்க விளைவு, அவர்களுக்கு அம்பலம். அதற்காகவே மாத்திரையை எறிந்தவர்களும் உண்டு.

ஆனாலும் ஆயுள் சிகிச்சை முதலில் இரண்டு ஆண்டாகவும், பின்னர் ஓராண்டாகவும் குறைந்தது. லேசான வகைக்கு ஆறே மாதம். பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே ‘சிகிச்சை முடிந்தது’ என்று முதன்முதலாக எழுதியபோது, சரியாகத்தான் எழுதுகிறேனா என்று மேலே கேட்டுவிட்டு வந்தேன்.

தொடங்கியவர்

செவிலி அம்மா, அந்தப் பதிவேட்டைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

மகளின் அம்மாவுக்கு: நோயும் வேறு, ஊசியும் வேறு, அதனால் என் கதையை உங்கள் மகளுக்கு அளவாக எடுக்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு நடந்தது இது. தோல் சுத்தமாகிவிட்டதே என்ற தைரியத்தில், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திப் பார்த்தேன். ஐந்தாம் மாதம், பழைய இடமான இடது முழங்கையில் ஒரு செதில். கத்தரிக்கோல் நுனி அளவுதான். பீரோவில் அந்த முழுக்கைச் சட்டையைத் தேடினேன். மனைவி அதைத் துடைதுணியாக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது.