வேலைக் கடிதத்தில் வந்த ‘லேட்டிடியூட்’: என்ன பொருள்?

செம்பனைக்காரன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களுக்குத் தலைவர்) இருந்தேன், போன மாதம் கண்டக்டராக (தோட்ட மேற்பார்வையாளர்) உயர்த்தினார்கள். கடிதம் ஆங்கிலத்தில். அதில் பழம் வெட்டும் சுற்றை, அதாவது எத்தனை நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பி வந்து வெட்டுவது என்பதை, வகுப்பதில் எனக்கு ‘ரீசனபிள் லேட்டிடியூட்’ உண்டு என்று ஒரு வரி. இடைநிலைப்பள்ளி ஜியோகிராபியில் நான் படித்த லத்தித்தூட் உலகப் படத்தில் குறுக்கே ஓடும் கோடு. கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் எங்கள் பிளாக்குக்கு 4.8 என்று காட்டுவதும் அதுதானே? கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டால் ‘சுதந்திரம்’ என்கிறார். ஆனால் மழைக்காக ஒரு சுற்றை இரண்டு நாள் தள்ளிப் போட்டதற்கு மேனேஜர் சத்தம் போட்டார். சுதந்திரம் என்றால் ஏன் சத்தம்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் ‘லாத்துஸ்’ என்றால் அகலமானது. பழைய கிரேக்கரும் ரோமரும் அறிந்த உலகம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது, அதனால் அந்த வாக்கில் அளந்ததை நீளம் என்றும் வடக்கு தெற்காக அளந்ததை அகலம் என்றும் வைத்தார்கள். அட்சரேகை என்று படித்தால் இது தெரியாமலே போகும், அகலாங்கு என்றால் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும், நான் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கோடு குறுக்கே ஓடினாலும் அது சொல்வது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே தெற்கே எவ்வளவு தள்ளி என்பதை. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். உங்கள் 4.8 என்றால் 530 கிலோமீட்டர் சொச்சம் வடக்கே.

கடிதத்தில் இருப்பதும் அகலம்தான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்வதற்கு விட்டிருக்கிற இடம். ‘இடம் கொடுப்பது’ என்கிறோமே, அதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று நம் பேச்சில் ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அது இல்லை. சுதந்திரம் என்று பெயர்ப்பது தப்பு. இது மேலே இருப்பவர் கொடுப்பது, இரண்டு பக்கமும் எல்லை உண்டு. எல்லை எங்கே என்று கடிதம் சொல்லவில்லை, சிக்கலே அங்கேதான்.

ஸ்டூடியோ அண்ணன்:
பிலிம் காலத்தில் எங்கள் தொழிலிலும் இதே சொல் புழங்கியது. நெகட்டிவ் பிலிமுக்கு லேட்டிடியூட் அதிகம், வெளிச்சம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடிப்போனாலும் பிரிண்ட் போடும்போது சரிபண்ணிவிடலாம், ஆனால் குறைந்தால் தாங்காது, நிழலில் நிற்பவர் முகத்தில் ஒன்றுமே பதியாது. தீமிதிக்கு நான் போனால் பந்தலுக்குள் நிற்கும் முகங்களுக்காக எப்போதும் ஒரு ஸ்டாப் கூட்டித்தான் வைப்பேன். ஸ்லைடு பிலிமில் அப்படிச் செய்ய முடியாது, அரை ஸ்டாப் தப்பினாலே தெரியும். அதாவது தம்பி, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னே போனால் தாங்குமா, பின்னே தள்ளினால் தாங்குமா என்று பாருங்கள்.

செம்பனைக்காரன்:
அண்ணே, அது நூற்றுக்கு நூறு சரி. பத்து நாள் சுற்றை எட்டாக்கினால் பழுக்காத காய்க்குலையும் வெட்டுப்படும், எண்ணெய் குறையும். பன்னிரண்டாக்கினால் பழம் கனிந்து உதிரி கூடும், எண்ணெயில் அமிலம் ஏறும், ஆலையில் கேட்பார்கள். போன வாரம் மரத்தடி எங்கும் உதிரி சிவப்பாகக் கிடந்தது, பொறுக்க ஆள் போதவில்லை. மேனேஜர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எத்தனை நாள் முன்னே, எத்தனை நாள் பின்னே என்று எழுத்தில் தரச் சொல்லி நாளைக்குக் கேட்கிறேன். நன்றி வாத்தியார் ஐயா.

ராஜூலா பேத்தி:
கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கு. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை, நடு மூன்று விரல் 5 பாகை. சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்று ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார்கள். அதில் கோத்த கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும்போது பலகையின் கீழ் விளிம்பு கடலோடும் மேல் விளிம்பு நட்சத்திரத்தோடும் ஒட்டினால் அந்தத் துறையின் நேருக்கு வந்தாயிற்று. என் தாத்தா ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். நாகப்பட்டினம் 10.8, பினாங்கு 5.4. அங்கே ஒரு முஷ்டி உயரத்தில் இருந்த நட்சத்திரம், இறங்கும்போது மூன்று விரல் உயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். நேற்று இரவு மகளை வாசலில் நிறுத்தி விரலை நீட்டிக் காட்டப் பார்த்தேன். வடக்குப் பக்கம் முழுக்கச் செம்பனை மறைத்துவிட்டது.