காய்ந்து விறைத்த பெயிண்ட் ரோலரை மீட்க வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு நானே வெள்ளையடிக்கிறேன் என்று வீறாப்பாக இறங்கினேன். கூடத்துக்கு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடித்த 9 அங்குல ரோலரை, வேலை முடிந்ததும் குழாயடியில் பிழிந்து கழுவித்தான் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால், மேலே பஞ்சு மெத்தென்று இருக்கிறது. விரலால் பிரித்துப் பார்த்தால் அடிமயிர் தேங்காய் நார் போல விறைத்துக் கிடக்கிறது. சுவரில் உருட்டினால் கோடு கோடாக விழுகிறது.

வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தேன். தண்ணீர் பால்போல வெளுத்ததே தவிர, முனைகளில் இருக்கும் கட்டி அசையவில்லை. காய்ந்த எமல்ஷன் தண்ணீரில் கரையாது என்பது பிறகுதான் உறைத்தது. பழைய சீப்பால் வாரினால் மயிர்தான் கையோடு வருகிறது.

இதை மீட்க முடியுமா, அல்லது தூக்கிப் போட்டுவிடலாமா? இடைவேளைகளில் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அடுத்து இரும்பு கேட்டுக்கு எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) அடிக்க வேண்டும். அந்த ரோலரைக் கழுவ ஆகும் டர்பன்டைன் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்கிறார் என் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனமில்லை, அதை என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.