அம்மாவுக்கு நெட் பாக்க டேப்லெட், எது வாங்கலாம்?

மஞ்சக்குப்பம் வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயசு, கடலூர்ல எங்க கூடதான் இருக்காங்க. காலைல தமிழ் பேப்பர் சைட்டு, மத்தியானம் மதுரைத் திட்டத்துல (தமிழ் நூல்கள இலவசமா தர்ற சைட்டு) ஏதாவது புத்தகம், சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயில்ல ஓதுவார் பாடுன பதிகத்த வீட்டுக்கு வந்து தேடி எடுத்து படிப்பாங்க. எல்லாம் என் பழைய போன்லதான். எழுத்த பெருசாக்குனா வரி ஸ்க்ரீன விட்டு வெளிய ஓடிடுது, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தள்ளித் தள்ளி படிக்கிறத பாக்கவே கஷ்டமா இருக்கு. பட்ஜெட் 20 ஆயிரம். கேம் எல்லாம் கிடையாது. 8 இன்ச் போதுமா இல்ல 11 இன்ச்சா? சிம் போடுற மாடல் வேணுமா? அப்புறம் பாண்டில வாங்குனா கம்மின்னு மாமா சொல்றாரு, உண்மையா?

லாஸ்பேட்டைக்காரன்:
விலை விஷயம் மொதல்ல. வாட் (ஜிஎஸ்டிக்கு முந்தின மாநில வரி) இருந்த காலத்துல பாண்டில வரி கம்மி, அதனால கடலூர், விழுப்புரத்துல இருந்தெல்லாம் வந்து டிவி வாங்கிட்டு போவாங்க. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து ரெண்டு ஊர்லயும் டேப்லெட்டுக்கு ஒரே 18 சதவீதம்தான், அந்த வித்தியாசம் போயிடுச்சு. ஆனா நேரு வீதி பக்கம் வந்தா நாலஞ்சு மாடல கைல புடிச்சு பாக்கலாம், அம்மாவ கூட்டிட்டு வாங்க, அவங்க பாக்குற சைட்ட அந்த டேப்லெட்லயே திறந்து படிக்க சொல்லுங்க, ஸ்பெக் பாத்து வாங்குறத விட அது எவ்ளோவோ மேல்.

சைஸ் 11 இன்ச்தான். சின்னதுல எழுத்து தெளிவும் அடிபடும், உதாரணத்துக்கு சாம்சங் ஏ9 8.7 இன்ச், 1340×800 புள்ளி. ஏ9 பிளஸ் 11 இன்ச், 1920×1200, ரெட்மி பேட் எஸ்இயும் அதே அளவுதான். நம்ம தமிழ் எழுத்துல சுழியும் கொம்பும் நெருக்கமா வரும், ணகரம் னகரம் வித்தியாசம் கண்ணுக்கு தெரியணும்னா புள்ளி அதிகமா இருக்குற ஸ்க்ரீன்தான் வேணும். ஒரே சங்கடம் வெயிட்டு, சின்னது 330 கிராம் கிட்ட, பெருசு 480. ஒரு மணி நேரம் கைல புடிச்சு படிக்க முடியாது, நிக்க வைக்கிற மாதிரி கவர் சேத்து வாங்கிடுங்க.

நெய்வேலி டெக்:
மேல சொன்னது சரி, ஆனா ராம் (திறந்து வச்சத எல்லாம் தாங்குற மெமரி) பத்தி யாரும் சொல்லல. பிரவுசர்ல நாலு பக்கம் திறந்து வச்சுட்டு திரும்ப வந்தா பக்கம் மொதல்ல இருந்து லோடு ஆகுதே, அது ராம் பத்தாம பழைய பக்கத்த சிஸ்டம் தூக்கிடுறதுதான். 6 ஜிபியோ 8 ஜிபியோ பாருங்க. டப்பால 4+4 னு போட்டிருந்தா அது 4 தான், மீதி ஸ்டோரேஜ்ல இருந்து எடுக்குறது, வேகம் வராது.

பழைய ஸ்டாக்க தள்ளுபடில குடுத்தா ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன்னு கேளுங்க. குரோம் பிரவுசர்ல 138 தான் ஆண்ட்ராய்டு 8, 9 க்கு கடைசி, அதுக்கப்புறம் ஆண்ட்ராய்டு 10 இருந்தாதான் அப்டேட். பிரவுசர் பழசாச்சுன்னா பாதுகாப்பு போச்சு, பெரியவங்க கைல இருக்குற சாமான்ல அத விடவே கூடாது.

இன்னொன்னு, தயவு செஞ்சு இத பண்ணுங்க: ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு அதுல விளம்பரத்த தடுக்குற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன சேருங்க. ஆண்ட்ராய்டு குரோம்ல அந்த எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸ்ல முடியும். செய்தி படிக்கும்போது நடுவுல "உங்க போன்ல வைரஸ்"னு ஒண்ணு குதிக்கும், நமக்கு தெரியும், அவங்களுக்கு பயம் வந்து அமுக்கிடுவாங்க. நோட்டிபிகேஷன் கேக்குறதையும் செட்டிங்ஸ்ல மொத்தமா நிறுத்திடுங்க.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, பட்ஜெட் ஏத்த முடிஞ்சா ஐபேட் பாருங்க. 11 இன்ச் ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் சினிமா பாக்குற நீள ஸ்க்ரீன், நிமித்தி புடிச்சா ஒல்லியா ஆயிடும். ஐபேட் புத்தகம் மாதிரி அகலமா இருக்கும், ஸ்கேன் பண்ண பழைய புத்தகம் பிடிஎஃப் ஒரு பக்கம் முழுசா உக்காரும், தள்ளவே வேணாம். ஐபேட் பிரவுசர் சஃபாரில ரீடர் போட்டா விளம்பரம் எல்லாம் போயி எழுத்து மட்டும் நிக்கும், அதையும் பெருசாக்கிக்கலாம், வரி தானா மடங்கிக்கும். ஆண்ட்ராய்டே வேணும்னா ஒன்பிளஸ் பேட் கோ பாருங்க, அதுவும் அகலம்தான், 7:5 அளவு, 8 ஜிபி ராம், ஐபேட விட நல்லாவே கம்மி.

மஞ்சக்குப்பம் வாசி:
ரொம்ப நன்றி, ஒன்பிளஸ் ஸ்டாக் இருக்கான்னு விசாரிக்கிறேன், இல்லன்னா ஏ9 பிளஸ் 8 ஜிபி. ஆனா சிம் விஷயம்? வைஃபை இருக்கு, மழைல கரண்ட் போனா அதுவும் போயிடுது.

நெய்வேலி டெக்:
சிம் மாடலுக்கு அதிகமா காசு போடாதீங்க. ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு மாட்டுனா சாதாரண பவர்கட்ட தாண்டிடும், ஃபைபர் லைன் இருந்தா வீட்ல கரண்ட் இல்லன்னாலும் பெரும்பாலும் நெட் வரும். இல்லன்னா உங்க போன்ல ஹாட்ஸ்பாட். தானே புயல் மாதிரி, 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒண்ணு வந்தா டவரே படுத்துடும், அப்போ சிம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதுக்கு மதுரைத் திட்டத்துல அம்மாவுக்கு புடிச்ச புத்தகத்த பிடிஎஃப்பா இப்பவே இறக்கி வச்சிடுங்க, எல்லாம் இலவசம்தான், திருமுறை மொத்தமும் இறக்குனாலும் இடம் கொஞ்சம்தான் புடிக்கும்.