அப்பத்தா பெட்டகத்தில் 1935 ஜார்ஜ் மன்னர் காசு: உருக்கக் கொடுக்கலாமா?

பள்ளத்தூர் பேத்தி:
வீட்டைப் பங்கு பிரிப்பதற்காக அப்பத்தாவின் பெட்டகத்தைத் திறந்தோம். பட்டுத்துணி முடிச்சில் உள்ளங்கையை அடைக்கிற ஒரு வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ்; நம்ம பழைய ரூபாயில் இருப்பதுபோல் கிரீடம் இல்லை, வெறுந்தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், காலடியில் ஏதோ மிருகம், 1935. விளிம்பிலும் எழுத்து ஓடுகிறது. ஐயா கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன இடத்திலிருந்து கொண்டுவந்த 'பினாங்கு வெள்ளி' என்பார் அப்பத்தா. நகைக்கடையில் உரசிப் பார்த்துவிட்டு, பாதிதான் வெள்ளி, உருக்குகிற விலைதான் என்கிறார்கள். சித்தப்பாவும் கொடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இது போலியா? கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

தேவகோட்டை காசுப்பெட்டி:
ஆச்சி, தயவுசெய்து புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். அந்தக் கறுப்பு இருக்கட்டும்.

நீங்கள் சொல்வது இங்கிலாந்தின் கிரவுன், அதாவது 5 ஷில்லிங். ஐந்தாம் ஜார்ஜ் 1910 மே 6 அன்று அரியணைக்கு வந்தார். 25 ஆண்டு நிறைவுக்காக 1935இல் அடித்தது இது. குதிரை மேல் இருப்பது புனித ஜார்ஜ், காலடியில் டிராகன். வரைந்தவர் பெர்சி மெட்காஃப். குதிரை விறைப்பாக, பிள்ளைகள் ஏறி ஆடும் மரக்குதிரைபோல இருப்பதால் 'ராக்கிங் ஹார்ஸ் கிரவுன்' என்றே பேர் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த நறுக்கென்ற கோடுகள்தான் அதன் அழகே.

பாதி வெள்ளி என்று கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் அது கலப்படம் இல்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறியதால், 1920இல் இங்கிலாந்து அரசே தன் வெள்ளிக் காசுகளை 92.5 சதவீதத்திலிருந்து 50க்கு இறக்கிவிட்டது. எடை 28.28 கிராம் இருக்க வேண்டும், அதில் சுத்த வெள்ளி 14 கிராம் சொச்சம். நகைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் விளிம்பு. எழுத்து உள்ளே குழிந்திருந்தால் சாதாரண வகை, 7 லட்சத்துக்கு மேல் அடித்தது. மேலே புடைத்திருந்தால் 92.5 சதவீத வெள்ளியில் 2,500 மட்டுமே அடித்த வகை. அதற்கு மதிப்பே வேறு. ஆனால் கடையில் பாதி வெள்ளி என்றால் இது முதல் வகையாகத்தான் இருக்கும்.

பினாங்கில் பிறந்தவன்:
எங்கள் பக்கம் டாலரைத்தான் வெள்ளி என்போம். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஸ்ட்ரெயிட்ஸ் டாலரில் (பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் அன்று புழங்கிய காசு) பின்புறம் சீன எழுத்தும், மலாய் மொழியை எழுதும் அரபு வகை ஜாவி எழுத்தும் இருக்கும். இது அது இல்லை. அங்கே வட்டிக்கடையில் புழங்கிய காசாக இருக்காது, ஆசைப்பட்டு வாங்கி வைத்ததாக இருக்கும்.

பள்ளத்தூர் பேத்தி:
ரொம்ப நன்றி அண்ணே. நிறுத்தேன், 28.2. எழுத்து குழிதான். விரல் நகத்தால் தடவினாலே தெரிகிறது. பரவாயில்லை, சித்தப்பாவிடம் உருக்குவிலையை என் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், காசு என்னிடமே இருக்கட்டும். அதே பட்டுத்துணியில் முடிந்து வைக்கலாமா?

தேவகோட்டை காசுப்பெட்டி:
நல்ல காரியம் செய்தீர்கள். துணியைத் தனியாக வையுங்கள். காசை அமிலமில்லாத காகித உறையில் போடுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கோடு கோடாகக் கறை ஏற்றிவிடும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.