செல்வி மகன் கையில் வந்த கொப்புளம்

குழு: தாமிரபரணி வீட்டார் (தாராவி, செம்பூர், ஊர்)
புதன், இரவு 9.10

செல்வி: [படம்]

செல்வி: மயினி, பிள்ளை கையைப் பாருங்கள். பிறந்த மறுநாள் ஊசி போட்ட இடம். போன வாரம் கடுகளவு இருந்தது. இன்று சட்டையைக் கழற்றினால் சீழ் ஒட்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான்.

ஆறுமுகம் சித்தப்பா: ஊசியைச் சரியாகப் போடவில்லை. அவ்வளவுதான்.

ராசு (ஊர்): மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போடச் சொல்கிறாள் ஆச்சி.

முத்துலட்சுமி மயினி: யாரும் எதையும் தடவ வேண்டாம். லேபை விட்டு இப்போதுதான் இறங்குகிறேன். சயானில் பஸ் ஏறியதும் எழுதுகிறேன்.

9.32

முத்துலட்சுமி மயினி: எத்தனை வாரம் ஆகிறது?

செல்வி: நாளையோடு ஆறு.

முத்துலட்சுமி மயினி: அப்போது கணக்குச் சரி. டி.பி. என்கிற காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசி அப்படித்தான். இரண்டு மூன்று வாரத்தில் சின்னதாக வீங்கும், அப்புறம் உடையும், பொருக்குத் தட்டும், மூன்று மாதத்துக்குள் தழும்பாகிவிடும். உள்ளே போனது உயிருள்ள கிருமி, ஆனால் பல் பிடுங்கிய பாம்பு. கால்மெட், கெரின் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். உன் மகன் உடம்பு இப்போது அதோடு சண்டை பழகுகிறது. பிதுக்காதே, போதும்.

ஆறுமுகம் சித்தப்பா: அந்த ஊசி பிரயோசனமில்லை என்று நம் செங்கல்பட்டிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்களே, மருமகளே.

முத்துலட்சுமி மயினி: பாதி சரி மாமா. 1968-இல் தொடங்கி 15 வருடம் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் டி.பி.யை அது தடுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெல்லாம் பரவியும் தாக்குகிற டி.பி.க்கு இதுதான் வேலி. செங்கல்பட்டில் ஏன் எடுபடவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த மண்ணிலும் தண்ணீரிலும் டி.பி. கிருமியின் பங்காளிகள் ஏராளம். அங்கே ஓடியாடி வளர்ந்தவர்கள் உடம்புக்கு அவற்றோடு முன்பே பழக்கம். ஊசி புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை.

செல்வி: கிருமியிலும் பங்காளியா?

முத்துலட்சுமி மயினி: ஆமாம். டி.பி., தொழுநோய், குழாய்த் தண்ணீரில் கிடக்கும் சில கிருமிகள், எல்லாம் மைக்கோபாக்டீரியா என்ற ஒரே வம்சம். எல்லாவற்றுக்கும் மெழுகுத் தோல். லேபில் சாயம் ஏற்றி, மேலே அமிலம் ஊற்றினாலும் சிவப்பு போகாது. மைக்ராஸ்கோப்பில் எல்லாம் சிவப்புக் குச்சிதான், இது அண்ணன் இது தம்பி என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவனை அடையாளம் கண்ட உடம்பு அவன் பங்காளியையும் ஓரளவு பிடித்துவிடும். அதனால்தான் இந்த ஊசி தொழுநோயையும் கொஞ்சம் தடுக்கிறது.

முத்துலட்சுமி மயினி: ஸ்வீடனில் 1975-இல், டி.பி. குறைந்துவிட்டது என்று எல்லாப் பிள்ளைக்கும் போடுவதை நிறுத்தினார்கள். அப்புறம் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டிச் சீழ் வைப்பது பல மடங்கு கூடிவிட்டது. டி.பி. இல்லை, பங்காளி.

ராசு (ஊர்): அது கண்டமாலையா என்று கேட்கிறாள் ஆச்சி.

முத்துலட்சுமி மயினி: அதேதான். நம் பக்கம் கண்டமாலை என்றால் பெரும்பாலும் டி.பி.யே.

கணேசன்: அப்படியானால் என் வயிற்றில் வந்ததை ஏன் தடுக்கவில்லை? என் கையிலும்தான் தழும்பு இருக்கிறது.

செல்வி: ஹெர்னியா ஆபரேஷன் செய்த இடமா அண்ணா? அதுவும் பங்காளியா?

கணேசன்: தொப்புள் பக்கத்து ஓட்டை நாலு மாதம் ஆறவில்லை. பனியனுக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு லோக்கலில் தொங்கினேன். முதலில் தையல் நூல் சேரவில்லை என்றார்கள். அப்புறம் டி.பி. மாத்திரை எழுதினார்கள்.

முத்துலட்சுமி மயினி: கிருமியை வளர்த்துப் பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லி நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்டது. டி.பி. அவ்வளவு அவசரக்காரன் இல்லை. கருவி கழுவிய தண்ணீரில் வந்திருக்கும். பழைய மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து, அதுவும் மாதக்கணக்கில்.

கணேசன்: கேள்விக்குப் பதில் வரவில்லை.

முத்துலட்சுமி மயினி: உங்களுக்கு ஊசி போட்டு நாற்பது வருடம். அந்தப் பலம் போகப் போகத் தேயும். அதுவும் போகட்டும், கிருமியை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்தால் எந்தத் தழும்பு தடுக்கும்?

ஆறுமுகம் சித்தப்பா: என் தழும்பு எட்டணா அளவு. எனக்குப் பலம் அதிகமோ?

முத்துலட்சுமி மயினி: மாமா, அது அம்மை குத்தின தழும்பாக இருக்கும். 😄 தழும்பை வைத்துப் பலத்தை அளக்க முடியாது. பி.சி.ஜி. தழும்பே விழாத பிள்ளைக்குக்கூட மறுபடி போடச் சொல்வதில்லை.

முத்துலட்சுமி மயினி: செல்வி, நாளை ஹெல்த் போஸ்டில் ஆறாம் வார ஊசி தொடையில் போடுவார்கள். இந்தக் கையையும் காட்டு. இப்போது இடது அக்குளைத் தொட்டுப் பார். நெறி பெரிதாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

9.58

செல்வி: பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. தூக்கத்தில் கையை உதறுகிறான். ஆனால் அத்தை அதற்குள் மஞ்சளை அரைத்து அம்மியிலேயே வழித்து வைத்துவிட்டார்கள். என்ன செய்ய?

கணேசன்: நாளைக்கு மீன் குழம்பு வை. காலையில் நான் வருகிறேன்.