புதுப்பிப்பு: பதினான்கு நரம்பு யாழ் முடிந்தது, கணக்குத்தான் தவறியது

சகோட யாழ் எனப்படும் பதினான்கு நரம்பு யாழ் ஒன்றை வீட்டிலேயே செய்ய 20,000 ரூபாய் போதும் என்று எட்டு மாதங்களுக்கு முன் இந்த இழையில் எழுதியிருந்தேன். யாழ் முடிந்துவிட்டது; செலவு 34,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பலா மரத்துக்கு ஆனது 9,000 ரூபாய்தான், மீதியில் பெரும்பகுதியை உளிகளும் கிளாம்புகளும் விழுங்கின.

பெரிய அடி, நரம்புகளைத் தாங்கும் கொம்பான மருப்பில்தான் விழுந்தது. நரம்பு ஒன்றுக்கு 5 கிலோ இழுவை என்றாலும் பதினான்குக்கு 70 கிலோ ஆகும் என்று தெரிந்திருந்தும், வளைந்த கொம்பை ஒரே பலகையிலிருந்து அறுத்தேன். வளைவின் நடுவில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடியதால், பதினோராவது நரம்பை முறுக்கியபோது அவ்விடத்தில் மயிரிழை போல் விரிசல் கண்டது. மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைத்த இரண்டாவது மருப்பில் இதுவரை விரிசல் இல்லை.

பொருநராற்றுப்படை யாழின் பத்தலை, அதாவது ஒலி பெருக்கும் குடத்தை, மானின் குளம்புச் சுவட்டுக்கு ஒப்பிடுவதைப் பலமுறை படித்திருக்கிறேன். நடு உயர்ந்து இருபுறமும் தாழும் அந்த வடிவத்தை என் உளியே செதுக்கியபோதுதான் உவமையின் துல்லியம் விளங்கியது.

ஒரு நரம்பை ஏற்றினால் மருப்பு இம்மியளவு வளைந்து மற்றவை இறங்கும். போதாக்குறைக்கு, மழை நாளில் பத்தலை மூடிய ஆட்டுத்தோல் போர்வையும் தளர்கிறது. இரண்டு வாரம் நீண்டுகொண்டே இருந்த நைலான் நரம்புகள் அடங்கியபின், நேற்று மாலை முதன்முறையாக அரிகாம்போதி ராகம் அரைமணி நேரம் சுருதி விலகாமல் நின்றது. அடுத்த வீட்டுப் பாட்டி வந்து, வீணையா என்று கேட்டுவிட்டுப் போனார்.